மழை ஒன்று, துறை பல: காலநிலை மாற்றமும் சென்னையின் ஆளுகையும்

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோக, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் தண்ணீரை எதிர்நோக்கும் நிலைக்கு வந்தது. மிகை நீரும் நீரின்மையும் ஒரே நகரத்தை அடுத்தடுத்துத் தாக்கியதை, மழை மிகுந்தது, பிறகு பொய்த்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது. பெய்யும் நீரை எங்கே தேக்குவது, எந்த நிலத்தைக் கட்டடத்துக்கு விடாமல் காப்பது, மதகை எப்போது திறப்பது, கரையோர மக்களுக்கு யார் முன்னதாகச் சொல்வது என்னும் முடிவுகளை எடுக்க வேண்டிய அமைப்புகள் எவ்வாறு இயங்கின என்பதும் அந்த விளக்கத்தில் சேர வேண்டும். மாறிவரும் காலநிலையோடு வாழக் கற்றுக்கொள்வது முதன்மையாக ஆளுகையைச் சார்ந்த செயல் என்பதையும், பொறியியலும் அறிவியலும் அதற்குத் துணைநிற்பவை என்பதையும் சென்னையின் அனுபவம் காட்டுகிறது.

காலநிலை மாற்றத்துக்கான செயல்பாடுகள் பொதுவாக இரண்டாகப் பகுக்கப்படுகின்றன. நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றின் பயன்பாட்டைக் குறைத்துப் பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவது உமிழ்வுக் குறைப்பு எனப்படும். ஏற்கெனவே நேர்ந்துவிட்ட, இனித் தவிர்க்க இயலாத வெப்ப உயர்வின் விளைவுகளுக்கு ஏற்பக் குடியிருப்பு, வேளாண்மை, நீர் மேலாண்மை, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றை மாற்றியமைத்துக்கொள்வது தகவமைப்பு எனப்படும். ஒரு டன் கரியமில வாயு உலகின் எந்த மூலையில் குறைந்தாலும் அதன் பயன் எல்லா நாடுகளுக்கும் கிடைக்கும். தகவமைப்பின் பயனோ அது நடக்கும் ஊருக்கே கிடைக்கும், அது நடக்காததன் கேடும் அந்த ஊரையே சேரும். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை தன் 7ஆம் பிரிவில் உலகளாவிய தகவமைப்பு இலக்கு ஒன்றை வகுத்திருந்தாலும், அந்த இலக்கு நிறைவேறுவதும் நிறைவேறாமல் போவதும் மாநகராட்சி வார்டிலும், ஊராட்சியின் ஏரிக்கரையிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும்தான்.

ஆளுகை என்பது அரசு என்னும் நிறுவனத்தை மட்டும் குறிப்பதன்று. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதைச் செயல்படுத்தும் பணம் யாருடைய கையில் இருக்கிறது, முடிவுக்குத் தேவையான தகவல் உரிய நேரத்தில் உரியவரைச் சென்றடைகிறதா, முடிவு தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்னும் நான்கு கேள்விகளுக்கு ஒரு சமூகம் தரும் ஏற்பாடுகளின் தொகுப்பே ஆளுகை. இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடினால் தகவமைப்பு நடக்கிறது. அதிகாரம் ஓரிடத்திலும், பணம் வேறோரிடத்திலும், தகவல் மூன்றாமிடத்திலும் இருந்து, பொறுப்பு எவரிடமும் இல்லாமல் போகும்போது, எத்தனை திட்டங்கள் அறிவிக்கப்பட்டாலும் அவை ஆவணங்களாகவே தங்கிவிடுகின்றன.

மதகும் தகவலும்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அவ்வளவு மழையை எந்த நகரமும் சேதமின்றித் தாங்கியிருக்க இயலாது என்ற போதிலும், 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதச் செயலால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. 3.645 டி.எம்.சி. கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து, அதன் முழுக் கொள்ளளவையும் பயன்படுத்திக்கொள்ளாமல், விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதை அறிக்கை குறை கூறியது. விதிமுறைகளைப் பின்பற்றியே நீர் திறக்கப்பட்டது என்பது மாநில அரசின் மறுப்பு. அடையாறு செம்பரம்பாக்கத்தின் உபரிநீரை மட்டும் சுமக்கும் ஆறன்று என்பதையும், ஆதனூர், மணிமங்கலம் முதலிய பல ஏரிகளின் உபரிநீர் அதில் வந்து சேர்கிறது என்பதையும் கருதினால், ஒரு மதகை மட்டும் சுற்றி நடந்த அந்த விவாதம் வெள்ளத்தின் ஒரு பகுதியையே விளக்குகிறது.

அந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத கேள்வி ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி என்பதால், வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அதை நிரப்பி வைப்பது கடமையாகக் கருதப்படுகிறது. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் அதே ஏரியில் அதே மாதங்களில் வெற்றிடம் விட்டுவைக்க வேண்டும். நவம்பரில் ஏரியைத் தாழ்த்திவிட்டுப் பிறகு மழை பொய்த்தால், கோடையில் வரும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஏரியைத் திறந்த பொறியாளரே பழி ஏற்க வேண்டியிருக்கும் என்னும்போது, கடைசி நேரம் வரை காத்திருப்பதே அவருக்குப் பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. குடிநீர்த் தட்டுப்பாடு, வெள்ளம் ஆகிய இரு அபாயங்களில் எதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது அரசியல் தலைமை, வல்லுநர்கள், கரையோர மக்கள் ஆகியோர் முன்கூட்டியே கலந்து எழுத்தில் வகுக்க வேண்டிய இயக்க விதி. அப்படி ஒரு விதி பொதுவெளியில் இல்லாத இடத்தில், நள்ளிரவில் மதகருகே நிற்கும் அலுவலரின் மேல் ஒரு நகரத்தின் முடிவு சுமத்தப்படுகிறது.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், அணைகளுக்கு அவசரகாலச் செயல் திட்டம் வகுப்பதைக் கட்டாயமாக்கியது. எனினும் அச்சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளுக்குமே பொருந்துவது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஏரிக்கரைகள் அந்த உயரத்தை எட்டாதவை. ஒன்றன் உபரிநீர் அடுத்ததன் வரத்தாக அமையும் சங்கிலித் தொடரில் மேலுள்ள ஏரி உடைந்தால் கீழுள்ளவையும் ஆபத்துக்குள்ளாகும் என்றாலும், அவற்றில் பெரும்பான்மை அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

தகவலின் சிக்கல் 2023 டிசம்பரில் வேறு வடிவில் வெளிப்பட்டது. டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் வெள்ளத்தில் சிக்கியபின், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மழையின் உண்மையான அளவைச் சொல்லவில்லை என்று மாநில அரசும், எச்சரிக்கை பல நாள் முன்பே தரப்பட்டது என்று ஒன்றிய அரசும் வாதிட்டன. அதிகனமழை வரும் என்னும் முன்னறிவிப்புக்கும், எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நிற்கும் என்னும் உள்ளூர் அறிவுக்கும் இடையிலான தொலைவைக் கடக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வரையறுக்கப்படாததே அந்த வாதத்தின் அடிப்படை.

எல்லை கடந்து ஓடும் நீர்

சென்னையின் வெள்ளநீர் வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, அதற்கும் தெற்கே பள்ளிக்கரணை வழியாகக் கோவளம் கழிமுகம் என நான்கு வழிகளில் கடலைச் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் இவற்றைக் குறுக்கே இணைக்கிறது. ஓர் ஆறும் அதில் வந்து விழும் எல்லா ஓடைகளும் நீர் பெறும் நிலப்பரப்பு முழுவதும் வடிநிலம் எனப்படும். வெள்ளத்தைக் கையாள்வதற்கான இயல்பான அலகு இந்த வடிநிலமே. ஆனால் ஆட்சி எல்லைகள் வேறு கணக்கில் வரையப்பட்டவை. பெருநகர சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதும், அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள தாம்பரம் அதன் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. 2021இல் தாம்பரம் தனி மாநகராட்சியாயிற்று. மேலே உள்ள மாநகராட்சி தன் தெருக்களில் தேங்கும் நீரை விரைவாக வடித்தால், கீழே உள்ள மாநகராட்சிக்கு அந்த நீர் இன்னும் விரைவாக வந்து சேர்கிறது.

நகரத்துக்குள்ளேயும் நீர் ஒரே கையில் இல்லை. உட்புறத் தெருக்களின் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளின் ஓர வடிகால் அந்தத் துறையுடையது. ஆறுகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையின் பொறுப்பு. கோயில் குளங்கள் இந்து சமய அறநிலையத் துறையைச் சார்ந்தவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் காப்புப் பகுதி வனத்துறையிடம் உள்ளது. கழிவுநீரும் குடிநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திடமும், நிலப் பயன்பாட்டை முடிவுசெய்யும் அதிகாரம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும், நிவாரணம் வருவாய்த் துறையிடமும் இருக்கின்றன. ஒவ்வொரு துறையும் தனக்குரிய பகுதியைச் சரியாகவே செய்து முடித்தாலும், ஒரு துறையின் வடிகால் மற்றொரு துறையின் கால்வாயில் சேரும் இடத்தில் மட்டவேறுபாடோ அடைப்போ இருந்தால், அதைச் சரிசெய்வது எவருடைய வேலையும் அன்று என்றாகிவிடுகிறது. வெள்ளநீர் தேங்குவது பெரும்பாலும் இந்தச் சந்திகளில்தான்.

ஒருங்கிணைப்பு இயலாத காரியம் என்று சொல்வதற்கில்லை. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ ஆகியவற்றை இணைப்பதற்காக 2010இல் தனிச் சட்டம் இயற்றி, முதலமைச்சர் தலைமையில் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை மாநில அரசு ஏற்படுத்தியிருக்கிறது. நீருக்கு அதற்கிணையான சட்டபூர்வ அமைப்பு இல்லை, குழுக்கள் இருக்கின்றன. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப் பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அமைக்கப்பட்ட வெள்ள அபாயத் தணிப்பு ஆலோசனைக் குழு 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையை அளித்தது. அத்தகைய குழுவால் ஆராய்ந்து பரிந்துரைக்க முடியும். துறைகளுக்கு ஆணையிடவோ, அவற்றின் நிதியை நிறுத்திவைக்கவோ முடியாது.

வாரியம் இருந்த இடம்

நீருக்கெனத் தனிப் பொறுப்பமைப்பு வகுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பொது ஆண்டு 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததையும், அதன் உறுப்பினர்களின் பதவிக்காலம் 360 நாள் என்பதையும், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவர்கள் என்பதையும் தெரிவிக்கின்றன. அது நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் தந்த சபை என்பதையும், பிற்காலத்தில் குடிமராமத்து என்று போற்றப்பட்ட ஏரிப் பராமரிப்பு முறையில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கட்டாய உழைப்பு கலந்திருந்தது என்பதையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதில்லை. ஆயினும் அதிகாரம், கால வரையறை, கணக்குக் காட்டும் கடமை ஆகிய மூன்றும் ஒரே அமைப்பில் சேர்ந்திருந்தன என்பது இன்றைக்கும் கவனிக்கத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பாசனம் பொதுப்பணித் துறையின் கைக்குப் போனதோடு, ஏரியைப் பயன்படுத்துவோரும் அதைப் பராமரிப்போரும் பிரிந்தனர். இன்றும் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, கொண்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பதால், ஒரே சங்கிலித் தொடரின் ஏரிகள் இரு நிர்வாகங்களுக்கிடையே பிரிந்து கிடக்கின்றன. நகரம் விரிந்து ஆயக்கட்டு முழுவதும் வீட்டுமனையான பிறகு, ஏரியைக் காப்பதில் தன்னலம் உடைய உழவர் என்பவரே அங்கு இல்லாமல் போகிறார். நீர் வரும் வரத்துக்காலைத் தூர்வாரவும், உபரிநீர் வழியும் கலங்கலைக் காக்கவும் கேட்பதற்கு ஆளில்லாத அந்த நிலையில், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருந்தும் ஏரிகள் சுருங்கின.

நிலத்தின் மேல் எடுக்கப்படும் முடிவுகள்

தகவமைப்பின் பெரும்பகுதி நிலப் பயன்பாட்டு முடிவுகளில் அடங்கியிருக்கிறது என்பதற்குப் பள்ளிக்கரணை எடுத்துக்காட்டு. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழிந்துவரும் நீரை வாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாக வெளியேற்றும் அந்தச் சதுப்பு நிலம், சில பதிற்றாண்டுகளுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்தது. குப்பைக் கிடங்கும், சாலைகளும், அரசு நிறுவனங்களின் வளாகங்களும், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் அதன் மேலும் அதைச் சுற்றியும் எழுந்தன. அவற்றில் பல முறையான அனுமதி பெற்றவை என்பதே கவனிக்க வேண்டியது. சதுப்பு நிலம் ஆக்கிரமிப்பாளர்களிடம் தோற்றதைவிட அரசாணைகளிடம் தோற்றது அதிகம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சர் பட்டியலில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு சேர்க்கப்பட்டது. அதன்பிறகும் அதன் எல்லையை நிலத்தில் அளந்து குறிப்பதும், எல்லைக்கு வெளியே எவ்வளவு தொலைவுக்குக் கட்டுப்பாடு தேவை என்று முடிவுசெய்வதும் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழக்குப் பொருளாக நீடித்தன.

நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட நடவடிக்கையே அபாயத்தைப் பெருக்குவதும் உண்டு; காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தவறான தகவமைப்பு என்று வகைப்படுத்தி விரிவாக எச்சரித்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களில் பெரும்பகுதி, நகரத்தின் தென்கோடியில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு எழுந்த பெரும்பாக்கம் குடியிருப்பில் அமர்த்தப்பட்டது. பெரும்பாக்கமும் அதை அடுத்த செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணையின் வடிநிலத்தைச் சேர்ந்த தாழ்வான பகுதிகள். பெருமழைக் காலங்களில் நீர் சூழ்பவை. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லி இடம்பெயர்க்கப்பட்ட மக்கள், வேலையிடத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்து, மற்றொரு வெள்ளப் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆற்றங்கரையை மீட்ட துறையும், வீடு கட்டிய வாரியமும், மனைக்கு அனுமதி தந்த குழுமமும் தத்தம் இலக்கை எட்டின. மக்களின் அபாயம் குறைந்ததா என்பதை அளக்கும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை. ஆற்றின் நீரோட்டத்துக்குள் நிற்கும் பெரிய நிறுவனங்களின் கட்டடங்களுக்கு அதே வேகத்தில் அறிவிப்பு போகாததை மக்கள் காணும்போது, தகவமைப்பு என்பது ஏழைகளை அகற்றுவதன் மறுபெயர் என்னும் எண்ணம் வேரூன்றுகிறது; அந்த எண்ணம் வேரூன்றிய இடத்தில் நியாயமான திட்டமும் எதிர்ப்பைச் சந்திக்கும்.

மன்றம் இல்லாத மாநகராட்சி

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தல், குடிநீர் வழங்கல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு உள்ளிட்ட 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டு, அவற்றை நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க மாநிலங்களுக்கு வழிவகுத்தது. சென்னையில் திட்டமிடலும் குடிநீரும் இன்றளவும் மாநில அரசின் அமைப்புகளிடமே உள்ளன. அதைவிடப் பெரிய குறை, மாநகராட்சி மன்றமே நீண்டகாலம் இல்லாமலிருந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் நடக்கவில்லை. 2016 டிசம்பரின் வர்தா புயலும், 2019இன் தண்ணீர்ப் பஞ்சமும், 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனா அலைகளும், 2021 நவம்பர் வெள்ளமும் நிகழ்ந்த அந்தக் காலம் முழுவதும் 200 வார்டுகளில் ஒன்றுக்குக்கூட மாமன்ற உறுப்பினர் இல்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கிறார், எந்தக் கால்வாய் எந்த இடத்தில் அடைபடும் என்பதை அறிந்து, அதை நிர்வாகத்திடம் உரிமையோடு எடுத்துச் சொல்லும் கண்ணி அறுந்திருந்தது.

2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. தத்தம் வார்டின் வெள்ள வரைபடத்தைத் திருத்தவும், வடிகால் பணி முடிந்ததைச் சரிபார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் விடுவிக்கச் சொல்லவும் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் இருந்தால், அவை தகவமைப்பின் அடித்தளமாகும். மனுக் கொடுக்கும் இடமாக மட்டும் இருந்தால், இன்னுமொரு கூட்டமாக முடியும்.

பணம் எப்போது வருகிறது

பேரிடருக்குப் பின் பணம் தருவதில் அரசுகளுக்கு உள்ள பழக்கம், பேரிடருக்கு முன் செலவிடுவதில் இல்லை. 15ஆவது நிதி ஆணையம் இந்தப் பழக்கத்தை மாற்ற முயன்று, 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் அபாய மேலாண்மைக்கெனப் பரிந்துரைத்த 1,60,153 கோடி ரூபாயில் 20 விழுக்காட்டைப் பேரிடர்த் தணிப்பு நிதியாக, அதாவது சேதம் நேராமல் தடுக்கும் பணிகளுக்கான நிதியாக, தனியே ஒதுக்கியது. ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தடுப்புக்கென 2,500 கோடி ரூபாயையும் அது பரிந்துரைத்தது. அதில் சென்னையின் பங்கு 500 கோடி. அந்தப் பங்கைக் கொண்டு 561.29 கோடி ரூபாய் மதிப்பில் சென்னை வடிநிலத்துக்கான திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அறிவித்தது 2023 டிசம்பர் 7 அன்று. மிக்ஜாம் புயல் நகரத்தை மூழ்கடித்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் புயலுக்கும் அதே மாதத்தின் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாகத் தமிழ்நாடு கேட்ட தொகை ஏறத்தாழ 37,900 கோடி ரூபாய்; 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு விடுவித்தது 276 கோடி. இடையில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேட்டதில் எவ்வளவு நியாயம், கொடுத்ததில் எவ்வளவு குறை என்னும் அரசியல் விவாதத்துக்கு அப்பால், இந்த எண்கள் காட்டும் உண்மை ஒன்று உண்டு: சேதத்தின் அளவு பேரிடர் நிதி முறையின் தாங்குதிறனை எப்போதோ கடந்துவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கி கொசஸ்தலையாற்று வடிநில வடிகால்களுக்கு 2021இல் ஒப்புதலளித்த 251 மில்லியன் டாலர் போன்ற வெளிக்கடன்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பினாலும், கடன் பெரும்பாலும் கான்கிரீட் கட்டுமானத்துக்கே கிடைக்கிறது. ஏரியைத் தூர்வாரிக் காக்கவும், ஆண்டுதோறும் வடிகாலைப் பராமரிக்கவும், வெள்ளச் சமவெளியைக் கட்டடமின்றி விட்டுவைக்கவும் தேவைப்படும் தொடர்செலவை நகரம் தன் வருவாயிலிருந்தே செய்தாக வேண்டும்.

நடந்து காட்டிய இடங்கள்

ஆளுகை மாறினால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதே ஆண்டில் அந்த மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி ஆணையத்தை நிறுவி, புயல் காப்பகங்களைக் கட்டி, ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் யாரை யார் அழைத்துச் செல்வது என்பதுவரை வரையறுத்துப் பயிற்சி அளித்தது. 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். புயலிலும் அதையொட்டிய வெள்ளத்திலுமாக இறந்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. ஒடிசா செல்வம் மிக்க மாநிலமன்று; முன்னறிவிப்பைச் செயலாக மாற்றும் பொறுப்பை ஓர் அமைப்பிடம் தந்து, அரசுகள் மாறினாலும் அதைக் கலைக்காமல் காத்ததே அதன் வெற்றி.

வெப்பத்துக்கு அகமதாபாத் அத்தகைய சான்று. 2010 மே மாதத்தில் அங்கு வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிய பின், மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல் திட்டத்தை வகுத்தது. எந்த வெப்பநிலையில் எந்த நிற எச்சரிக்கை, அப்போது மருத்துவமனை செய்ய வேண்டியது என்ன, கட்டடப் பணிகளின் வேலைநேரம் எப்படி மாறும், குடிநீர்ப் பந்தல் எங்கே என்பவற்றைத் துறைவாரியாக எழுதி, ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் தந்ததுதான் அதன் சாரம். அதற்குப் பெரும் பணம் தேவைப்படவில்லை. அத்திட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வழிசெய்தது. இறப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று மருத்துவர் சான்றளிக்கும் நடைமுறையும், வெயிலில் உழைப்போரின் வேலைநேரத்தை மாற்றும் அதிகாரமும் உறுதியானால்தான் அந்த அறிவிப்பு முழுப் பயன் தரும்.

சென்னையே நடத்திக்காட்டிய செயலும் உண்டு. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது, தெளிவான விதி, குறுகிய கெடு, செய்யாதவரின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம், அரசுக் கட்டடங்களும் விலக்கல்ல என்னும் முன்மாதிரி ஆகியவை ஒன்றுசேர்ந்தன. நிலத்தடி நீர் உயர்ந்ததை நகரவாசிகள் தத்தம் கிணறுகளிலேயே கண்டனர். பின்னாளில் கண்காணிப்புத் தளர்ந்ததும் பல தொட்டிகள் தூர்ந்தன. சட்டம் மாறவில்லை, அதைக் கேட்பார் இல்லாமல் போயினர்.

இனி முடிவுசெய்ய வேண்டியவை

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு அமைத்த நிறுவனங்கள் குறைவல்ல. 2021இல் பசுமைக் காலநிலை நிறுவனமும், 2022இல் காலநிலை மாற்ற இயக்கமும் முதலமைச்சர் தலைமையிலான காலநிலை மாற்ற ஆட்சிக் குழுவும், மாவட்டம்தோறும் ஆட்சியரை இயக்குநராகக் கொண்ட மாவட்ட இயக்கங்களும் தோன்றின. 2023இல் சென்னைக் காலநிலைச் செயல் திட்டம் வெளியிடப்பட்டது. இவற்றின் வலிமை முதலமைச்சர் தலைமையில் இருக்கிறது. பலவீனம், சாலையும் வீடும் தொழிற்பேட்டையும் கட்டும் பெரிய துறைகளின் முடிவுகளைத் தடுக்கும் சட்ட அதிகாரம் சுற்றுச்சூழல் துறையின் கீழ் உள்ள இந்த அமைப்புகளிடம் இல்லாததில் இருக்கிறது. காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024இல் அளித்த தீர்ப்பு, இந்த அதிகாரத்தைக் கேட்பதற்குக் குடிமக்களுக்குப் புதிய அடிப்படையைத் தந்திருக்கிறது.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. அடுத்த இருபதாண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டை மூன்றாம் திட்டம் தீர்மானிக்கும். ஏரி, வரத்துக்கால், போக்குக்கால், சதுப்பு நிலம் ஆகியவற்றை முதலில் வரைபடத்தில் குறித்துச் சட்டத்தால் பூட்டிவிட்டு, எஞ்சிய நிலத்தில் நகரத்தைத் திட்டமிடுவது அதன் முதல் கடமை. நான்கு வடிநிலங்களுக்கும் சேர்த்து, உள்ளாட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இடம்பெறும், துறைகளுக்கு ஆணையிடும் அதிகாரமுள்ள ஒரே நீர் ஆணையத்தைச் சட்டமியற்றி அமைப்பது இரண்டாவது. ஏரிகளின் இயக்க விதிகளையும், வெள்ள வரைபடங்களையும், ஒவ்வொரு பேரிடருக்குப் பின் நடக்கும் விசாரணையின் அறிக்கையையும் சட்டமன்றத்திலும் மக்கள் முன்னும் வைப்பது மூன்றாவது. இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. மழையைக் குறைக்கவோ கூட்டவோ எந்த அரசாலும் இயலாது. பெய்த மழைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதைச் சட்டத்தில் எழுதிவைக்க எந்த அரசாலும் இயலும். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், தங்கள் வார்டின் வடிகால் எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று வாக்காளர்கள் கேட்கத் தொடங்குவதே அந்தச் சட்டத்துக்கு முதற்படி.